ருசி பார்க்காத கோசுமல்லி

பங்குனி மாதத்துச் சென்னையை வசந்தகாலம் என்று சொல்கிறவர்களை ஒரு நாள் மத்தியானம் மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் குடையில்லாமல் நிற்க வைக்க வேண்டும். அனன்யாவின் கேட்டரிங் கல்லூரிப் பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. 'வசந்தகாலக் காய்கறி சாலட், சிட்ரஸ் டிரெஸ்ஸிங்குடன்.' இன்றைய மறுதேர்வில் அவள் செய்து காட்ட வேண்டியது அதைத்தான்.

பிப்ரவரியில் இதே சாலட்டில்தான் அவள் ஃபெயில் ஆனாள். அதன் பலன் போன வாரம் தெரிந்தது. அப்பா கல்யாணராமன் பேப்பரை நான்காக மடித்து வைத்துவிட்டுத் தீர்ப்பு வழங்கினார். அதை அறியாத வாசகர்களுக்காக அவர் வாயாலேயே இன்னொரு முறை:

"இந்தத் தடவை பாஸ் பண்ணினா பெங்களூர் ஓட்டல் டிரெயினிங்குக்குப் போ. நான் தடுக்கலை. ஃபெயில் ஆயிட்டா ஞாயித்துக்கிழமை அபிராமபுரத்துலேர்ந்து பொண்ணு பாக்க வரவா முன்னாடி புடவை கட்டிண்டு வந்து நிக்கணும். சம்மதமா?"

கோபத்தில் அனன்யாவும் "சம்மதம்" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். கோபத்தில் சொன்ன சம்மதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

அந்த மறுதேர்வு இன்று. இன்றைக்கு ஸ்ரீராமநவமியும் கூட. கல்லூரிக்கு லீவு கிடையாது, ராமருக்கும் கிடையாது. ஆகவே அந்தச் சின்ன ஃபிளாட்டின் சமையல் மேடைக்குக் காலையிலேயே இரண்டு பேர் சொந்தம் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பக்கம் அனன்யா. வெள்ளரிக்காய், பிஞ்சு பீன்ஸ், முள்ளங்கி, பச்சைப் பட்டாணி, எவர்சில்வர் கிண்ணத்தில், சாலட் மேல் ஊற்றுகிற சாத்துக்குடி டிரெஸ்ஸிங். கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரு ஒத்திகை.

மறு பக்கம் அம்மா கோமளம். குளித்து, மடிப்புடவை கட்டிக்கொண்டு, ஊறின பயத்தம்பருப்பை வடித்துக்கொண்டிருந்தாள். பானகம் ஆகிவிட்டது, நீர்மோர் ஆகிவிட்டது, கோசுமல்லிதான் பாக்கி.

"காரட்டைத் துருவிக் கொடுடின்னா, நெருப்புக்குச்சி அடுக்கற மாதிரி நறுக்கி வெச்சிருக்கே?"

"காலேஜ்ல இப்படித்தான்மா நறுக்கணும். கை பழகட்டும்னுதான் உனக்கும் அப்படியே நறுக்கினேன்."

"ராமர் உங்க காலேஜ்ல படிக்கலை."

சொல்லிவிட்டு அந்த நெருப்புக்குச்சிகளையே பருப்போடு சேர்த்தாள் கோமளம். வேறு காரட் இல்லை. மாங்காய், வெள்ளரிக்காய், தேங்காய்த் துருவல், தாளித்த கடுகு, பச்சை மிளகாய், கடைசியில் உப்பும் எலுமிச்சம்பழமும். எல்லாம் கை அளவு, கண் அளவு. வாய் அளவு மட்டும் கிடையாது.

அந்த வீட்டுச் சட்டம் அது. பெருமாளுக்குக் காட்டும்வரை சமைக்கிறவள் எதையும் வாயில் வைக்கக்கூடாது. வைத்தால் எச்சில். மோந்து பார்த்தால்கூடக் குற்றம். இது ராமநவமிக்கு மட்டுமான சட்டம் இல்லை, தினசரி ரசத்துக்கும் இதேதான். கோமளம் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து இப்படித்தான் சமைக்கிறாள். இலையில் உட்கார்ந்து முதல் வாய் சாப்பிட்டதும் கல்யாணராமன் ரிசல்ட் சொல்லுவார். "உப்பு ஒரு கல் கம்மி." அல்லது, "புளிப்பு தூக்கல்." நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். பாஸ் என்று அர்த்தம்.

இந்தச் சமையலறையில் வளர்ந்த பெண்ணைக் கொண்டுபோய் கேட்டரிங் கல்லூரியில் சேர்த்தால் என்ன ஆகும்?

பிப்ரவரியில் ஆனது அதுதான். ஒழுங்கான பெண் இல்லையா, பரீட்சை ஆரம்பித்ததும் முதல் வேலையாகச் சாத்துக்குடியைப் பிழிந்து டிரெஸ்ஸிங்கைக் கலக்கி மூடி வைத்தாள். காய்கறி எல்லாம் நறுக்கி, தட்டில் அலங்கரித்து, பரீட்சகர் சிதம்பரநாதன் வருவதற்குள் அது கசந்துவிட்டது. அவர் ஒரு வாய் எடுத்தார். ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"நீ இதை வாயில வச்சுப் பார்த்தியா?"

"இல்ல சார்."

"தான் ருசி பார்க்காததை அடுத்தவன் தட்டுல வைக்கிறவளுக்கு நான் மார்க் போடமாட்டேன்."

அன்றைக்கு அவளுக்குப் பக்கத்து மேடையில் நின்றது ராயப்பேட்டை வஜீஹா. நோன்பு நாள். பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் வஜீஹா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நோன்பு வச்சிருக்கற நானே நாக்கு நுனில தொட்டுப் பாத்துட்டு துப்பிக்கினு இருந்தேன். சமைக்கறவளுக்கு அது பரவால்லன்னு எங்க அம்மாவே சொல்லி அனுப்பிச்சாங்க. உனக்கு இன்னாடி வந்துச்சு?"

என்ன வந்தது என்று அனன்யாவுக்கே தெரியவில்லை. ருசி பார்க்க வேண்டும் என்பது பாடத்தில் இருக்கிறது, மண்டையில் இருக்கிறது. கை மட்டும் உதட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிடுகிறது. இந்தக் கையை என்ன செய்வது என்று எரிச்சலாக வந்தது. இதோ, இப்போதும் ஸ்பூன் பாதி வழியில் நிற்கிறது.

'பெங்களூர்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கிண்ணத்தில் ஸ்பூனை விட்டு எடுத்து, யோசிக்காமல் வாயில் போட்டுக்கொண்டாள்.

தேங்காய். கடுகு. பச்சை மிளகாய்.

மேடையில் இடம் போதாமல் கோமளம் எவர்சில்வர் கிண்ணங்களை நகர்த்தி வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது.

தெரியாமல் செய்தது போகட்டும், வாயையாவது மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பிறந்ததிலிருந்து காதில் விழுந்த வார்த்தைகள் அவளைக் கேட்காமலே வெளியே வந்தன.

"உப்பு ஒரு கல் கம்மி. புளிப்பு தூக்கல்."

கோமளம் திரும்பிப் பார்த்தாள். மகளின் வாயை, கையிலிருந்த ஸ்பூனை, கிண்ணத்தைப் பார்த்தாள்.

"என்னடி பண்ணினே?"

"அம்மா, நான் என்னோடதுன்னு நெனச்சு..."

"ராமநவமியும் அதுவுமா நைவேத்யத்துக்கு வெச்சதை எச்சில் பண்ணிட்டியேடி! வேற பருப்பு ஊறப்போட நேரம் ஏது? வெள்ளரிக்காய் மொத்தமும் நீ எடுத்துண்டாச்சு. நான் எதை வெச்சுப் பண்ணுவேன்?"

குளியலறையிலிருந்து கல்யாணராமனின் குரல் வந்தது. "கோமளம், நாழியாறது! பன்னெண்டு மணிக்கு ராமர் பொறந்துடுவார். உன் கோசுமல்லிக்காகக் காத்துண்டிருக்க மாட்டார்!"

இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தார்கள். சத்தம் போட்டுச் சண்டை போடுவதைவிட அது இன்னும் மோசமாக இருந்தது.

"நீ இப்படி வளத்ததாலதான்மா நான் ஃபெயில் ஆனேன். வாயில வைக்காதே, வைக்காதேன்னு சொல்லிச் சொல்லி என் கையே எனக்கு வரமாட்டேங்கறது!"

"ஓஹோ, என்னாலயா? சாத்துக்குடியைப் பிழிஞ்சு வெச்சா கசந்து போகும்னு எனக்குத் தெரியும். உங்கப்பாவுக்கு ஜுரம்னா பிழிஞ்ச கையோட கொண்டுபோய்க் கொடுப்பேனே, பார்த்ததில்லையா நீ? ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா? அம்மாவுக்கு என்ன தெரியும், அவ புஸ்தகம் படிக்கலையே!"

அம்மா சொன்னது சரியாக இருந்ததால் அனன்யாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. கத்தியையும் ஏப்ரனையும் பையில் திணித்தாள்.

"இருபத்தெட்டு வருஷமா ருசி பாக்காமயே சமைச்சு, தினம் அப்பாகிட்டத் திட்டு வாங்கறியே, உனக்கு எரிச்சலே வராதாம்மா?"

கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். 'பாஸாகிவிட்டு வா' என்று கோமளமும் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

கோமளம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குப்பைக் கூடையின் பக்கம் போனாள்.

குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கிண்ணம் அவள் கையிலேயே இருந்தது.

*

தரமணிக்குப் போகிற பஸ் அடையாறு சிக்னலில் நின்றது நின்றபடி நின்றது. தேர்தல் வந்துவிட்டதல்லவா, ஏதோ ஒரு ஊர்வலம். நின்றபடி வந்த அனன்யாவின் பையில் இருந்த கத்தி, உறையோடு பக்கத்து அம்மாளின் இடுப்பில் இடிக்க, அதற்கும் அனன்யா வசவு வாங்கிக்கொண்டாள். இன்றைய நாள் அப்படி.

கல்லூரிச் சமையல்கூடத்தில் வஜீஹா இருந்தாள். மறுதேர்வுக்காரர்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு.

"மூஞ்சி இன்னா இப்டி கீது? சண்டையா?"

"ஆத்துல பெரிய ரகளை. கேக்காதே."

"சரி, கேக்கல. ஸ்பூன் எடுத்துக்கினு வந்தியா?"

அனன்யா ஏப்ரன் பையைத் தட்டிக் காட்டினாள்.

பரீட்சை ஆரம்பித்தது. பட்டாணியையும் பீன்ஸையும் கொதிநீரில் போட்டு உடனே எடுத்து, ஐஸ் தண்ணீரில் போட்டாள். பச்சை நிறம் அப்படியே நின்றது. வெள்ளரிக்காய், முள்ளங்கி, காரட் எல்லாம் ஒரே கனத்தில் விழுந்தன. இதிலெல்லாம் அவளிடம் யாரும் குறை சொல்ல முடியாது.

மற்றவர்கள் சாத்துக்குடியைப் பிழிந்து முடித்துவிட்டார்கள். அவள் பழத்தைத் தொடவில்லை.

"ஏய், எப்பதான் பிழியப் போற?" என்று வஜீஹா கிசுகிசுத்தாள்.

"அவர் வாசல்ல வந்தப்புறம்."

சிதம்பரநாதன் வருவதாக இல்லை. அதே ஊர்வலம் அவரையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லோரும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். பிழிந்து வைத்த கிண்ணங்களில் சாத்துக்குடி தன் வேலையைக் காட்டிக்கொண்டிருந்தது. வெட்டாத பழத்தைப் பார்த்தபோது அனன்யாவுக்கு அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பிப்ரவரியிலேயே பாஸாகியிருக்கலாம். இந்த நினைப்பு அவளுக்குச் சமாதானமாக இல்லை, குத்தலாக இருந்தது.

கடைசியில் வாசலில் கார் வந்து நின்றது. அனன்யா பழத்தை நறுக்கினாள். கொட்டை நசுங்காமல் பிழிந்து, எலுமிச்சம்பழச் சாறு கொஞ்சம், எண்ணெய், உப்பு, மிளகுத்தூள் சேர்த்துக் கலக்கினாள்.

இனி ருசி பார்க்க வேண்டும்.

ஸ்பூனை எடுத்தாள். உதட்டருகே வந்ததும் கை நின்றது.

'சனியனே, நகரேன்' என்று தன் கையையே திட்டினாள். சிதம்பரநாதன் முதல் மேடைக்கு வந்துவிட்டார். ஒரு வாய் எடுத்து, முகத்தைச் சுளித்து, நகர்ந்தார். இரண்டாவது மேடையிலும் அதே சுளிப்பு. அடுத்தது அனன்யா.

வஜீஹா தூரத்திலிருந்து வாயைத் திறந்து திறந்து ஜாடை காட்டினாள்.

ஸ்பூனில் வாய் படுவதுதானே சிக்கல்? அனன்யா தலையை அண்ணாந்தாள். வீட்டில் டம்ளரைத் தூக்கித் தண்ணீர் குடிக்கிற மாதிரி, உதட்டில் படாமல் ஸ்பூனிலிருந்து நாலு சொட்டு வாய்க்குள் விட்டுக்கொண்டாள்.

யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

புளிப்பு முன்னால் வந்து நின்றது. உப்பு எங்கேயோ பின்னால் இருந்தது. ஒரு சிட்டிகை உப்பும் துளி சர்க்கரையும் போட்டுக் கலக்கி, மறுபடி அண்ணாந்து விட்டுக்கொண்டாள். இப்போது சரியாக இருந்தது. தான் செய்த ஒன்றைச் சரி என்று தானே தெரிந்துகொள்வது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

சிதம்பரநாதன் சாலட்டை எடுத்தார். மென்றார். இன்னொரு வாய் எடுத்தார்.

"ருசி பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

"அண்ணாந்துக்கிட்டு இருந்தியே, அதுதானா?"

"ஆமா சார்."

"என் சர்வீஸ்ல இப்படி ஒருத்தர் ருசி பார்த்து நான் பார்த்ததில்லை." அவர் பேனாவை எடுத்தார். "எப்படியோ பார்த்தியே, அது போதும். பாஸ்."

*

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது கல்யாணராமன் கூடத்தில் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். முகத்தில் அபூர்வமாக ஒரு திருப்தி தெரிந்தது.

"அப்பா, பாஸ் பண்ணிட்டேன்!"

"அப்படியா? பேஷ், பேஷ். உக்காரு. உங்கம்மா உனக்குக் கோசுமல்லி எடுத்து வெச்சிருக்கா, முதல்ல அதைச் சாப்பிடு."

கோமளம் கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

அனன்யா கிண்ணத்துக்குள் பார்த்தாள். துருவல் இல்லை. நெருப்புக்குச்சி நெருப்புக்குச்சியாக, காலையில் அவளே நறுக்கிய காரட்.

"சாப்பிடேன், என்ன பாக்கறே?" என்றார் கல்யாணராமன். "மூணு தடவை கேட்டு வாங்கிண்டேன் நான். உப்பு, புளிப்பு, காரம் எல்லாம் அவ்வளவு கச்சிதம். இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கோசுமல்லி இந்த ஆத்துல பண்ணினதில்லை."

"அப்பா, பெங்களூருக்கு எப்போ..."

"அதைத்தான் சொல்ல வரேன். இவளைப் பாரு. ஒரு காலேஜ் போனாளா? ஒரு டிரெயினிங் உண்டா? வாயில வெச்சுப் பாக்காம, வெறும் கை அளவுலேயே இப்படிப் பண்றா. இதைவிட உனக்கு என்ன கத்துக்கொடுத்துடப் போறான் பெங்களூர்ல? பாஸ் பண்ணினது சந்தோஷம். அந்த சந்தோஷத்தோட இங்கேயே இரு. ஞாயித்துக்கிழமை அவாளும் வந்துட்டுப் போகட்டும்."

"அப்பா! பாஸ் பண்ணினா போகலாம்னு சொன்னேளே!"

"சொன்னேன். இப்ப யோசிச்சுப் பாத்தா..."

"நான் வாயில வெச்சுப் பார்த்தேன்."

சொன்னது கோமளம். சமையலறை வாசலில் நின்றிருந்தாள். குரல் உயரவில்லை.

"என்னது?" என்றார் கல்யாணராமன்.

"கோசுமல்லியை. முதல்ல இவ வாயில வெச்சா, தெரியாம. உப்பு கம்மின்னு சொன்னா. கொட்டறதுக்குத்தான் எடுத்துண்டு போனேன், மனசு வரலை. ஒரு கல் உப்பு போட்டேன். புளிப்பு அடங்கறதுக்குத் தேங்காயைச் சேத்தேன். சரியா இருக்கான்னு நானும் ஒரு வாய் போட்டுண்டேன். அப்புறம்தான் நைவேத்யத்துக்கு வெச்சேன்."

கல்யாணராமன் ஈஸிசேரிலிருந்து எழுந்துவிட்டார். "எச்சிலையா ராமருக்கு வெச்சே? எச்சிலையா நான்..."

"மூணு தடவை கேட்டு வாங்கிண்டேள்."

"கோமளம்!"

"இருபத்தெட்டு வருஷமா இலைல உக்காந்துண்டு எனக்கு மார்க் போட்டேளே, ஒரு நாளாவது அது எப்படி இருக்குன்னு தெரிஞ்சுண்டு கொண்டுவந்து வெச்சிருப்பேனா நான்? கண்ணைக் கட்டிண்டு பரீட்சை எழுதற மாதிரி எழுதிண்டிருந்தேன். இன்னிக்குத்தான் கண்ணைத் திறந்து எழுதினேன். உங்களுக்கே பிடிச்சுது." கோமளத்துக்கு மூச்சு வாங்கியது. "என்னைக் காரணம் காட்டி அவளை நிறுத்தாதீங்கோ."

அனன்யாவுக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும், ஏன் சொன்னாய் என்று உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. காலையில் எரிச்சலே வராதா என்று கேட்டது அவள்தானே. இந்தப் பக்கம் அப்பாவின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

அவர் நேராக டெலிபோன் மேஜைக்குப் போனார். டயலைச் சுற்றினார்.

"ஹலோ, அபிராமபுரமா? நான் கல்யாணராமன் பேசறேன். ஞாயித்துக்கிழமைன்னு சொல்லியிருந்தேன் இல்லையா, அதுவரைக்கும் எதுக்கு? நாளைக்கே வந்துடுங்கோ. பையனையும் அழைச்சுண்டு வாங்கோ."

"அப்பா, வேண்டாம்ப்பா!"

அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். "இந்த ஆத்துச் சமையலறையைக் கெடுத்தது உன் படிப்பு. அது இதோட போறும்."

கோமளம் அவரை ஒரு தடவை பார்த்தாள். திரும்பி உள்ளே போனாள்.

அடுப்பில் ராத்திரிக்கான ரசம் நுரை கட்டி வந்துகொண்டிருந்தது. கூடத்திலிருந்து பார்த்தால் அடுப்பு நன்றாகத் தெரியும். கோமளம் கரண்டியால் ரசத்தை எடுத்தாள். ஊதி ஆற்றினாள். உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுக்கொண்டாள். பிறகு, கணவரின் கண் முன்னால், அதை நக்கிப் பார்த்தாள்.

டெலிபோனில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாணராமனின் கை இன்னும் ரிசீவரைப் பொத்திக்கொண்டிருந்தது.

கோமளம் கையை அலம்பினாள். உப்பு ஜாடியைத் திறந்தபடியே, கூடம் வரை கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"உப்பு ஒரு கல் கம்மி."